நானூற்றுப் பன்னிரண்டு சிவப்புப் பாவாடை

முன்னே ஒரு காலத்தில், மலைக்கு இந்தப் பக்கம் ஒரு நாடு இருந்தது. அதை விசயதரன் என்ற அரசன் ஆண்டான். அவனை நல்லவன் என்றும் சொல்ல முடியாது, கெட்டவன் என்றும் சொல்ல முடியாது. கோபம் வந்தால் மட்டும் காட்டாற்று வெள்ளம் மாதிரி, எதிரே எது இருந்தாலும் அடித்துக்கொண்டு போவான். வடிந்த பிறகு, எதற்காகக் கோபம் வந்தது என்று அவனுக்கே மறந்துபோகும். அடித்துக்கொண்டு போனது மட்டும் திரும்பி வராது.

அவனுடைய அவையில் கூத்தபிரான் என்றொரு விகடகவி இருந்தான். அரசனைச் சிரிக்க வைப்பது அவன் தொழில் என்று ஊரார் நினைத்திருந்தார்கள். அரசன் சிரிக்க விரும்பாத நேரத்தில் சிரிக்க வைப்பதுதான் உண்மையில் அவன் தொழில். குழம்பில் உப்பை அள்ளிப் போட்ட சமையற்காரன், பட்டத்துக் குதிரைக்கு லாடம் கோணலாக அடித்த கொல்லன், முடிசூட்டு நாளன்று மந்திரத்தின் நடுவே தும்மிய புரோகிதர் என்று பலர் அவன் வாய்ச்சொல்லால் கழுத்து தப்பி ஊரில் நடமாடிக்கொண்டிருந்தார்கள். அதனாலேயே தளவாய் வல்லபனுக்கு அவனைப் பிடிக்காது. வல்லபன் படைத்தலைவன். தன் வாளுக்குக் கிடைக்காத மரியாதை ஒரு கோமாளியின் நாக்குக்குக் கிடைக்கிறதே என்று அவனுக்கு எரிச்சல்.

ஒரு கோடையில் அரசனுக்கு மலைக்கு அந்தப் பக்கத்து நாட்டைப் பிடிக்க வேண்டும் என்று ஆசை வந்தது. வல்லபன் அதற்குத் தூபம் போட்டான். மூவாயிரம் பேர் புறப்பட்டுப் போனார்கள். கணவாயின் குறுகலான இடத்தில் எதிரி மேலேயிருந்து பாறைகளை உருட்டினான். அரசன் யானைமேல் வெண்கொற்றக்குடையின் கீழ் இருந்தான், அதே யானையில் அவனுக்குப் பின்னால் வல்லபன் இருந்தான். நாலைந்து பாறைகள் விழுந்ததும் யானை திரும்பியது. குடை திரும்பிப் போவதை மொத்தப் படையும் பார்த்தது. அதற்குப் பிறகு நடந்ததைப் போர் என்று சொல்ல முடியாது.

செவ்வாய்க்கிழமை யானை தலைநகருக்கு வந்து சேர்ந்தது. வந்த அன்றே யானைப்பாகனின் தலை போயிற்று. யானையை மிரளவிட்டான் என்று குற்றம் சாட்டினார்கள். வெள்ளிக்கிழமை காலாட்கள் வந்தார்கள். மூவாயிரத்தில் மிஞ்சியவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். பாதிப் பேர் காலில் செருப்பில்லாமல், வழியெல்லாம் நொண்டிக்கொண்டு வந்திருந்தார்கள். கோட்டை வாசலிலேயே அவர்களை மடக்கி உட்கார வைத்தார்கள்.

அவையில் வல்லபன் எழுந்து நின்று சொன்னான். "அரசே, தங்களைத் தனியே விட்டுவிட்டு ஓடிய கோழைகள் இவர்கள். இவர்கள் நின்று போரிட்டிருந்தால் இன்று அந்த நாடு நம்முடையது."

"எல்லார் தலையையும் எடுத்துவிடுங்கள்," என்றான் அரசன்.

அமைச்சர்கள் தரையைப் பார்த்தார்கள். கூத்தபிரான் முன்னால் வந்தான். கோட்டை வாசலில் உட்கார்ந்திருந்தவர்களில் அவன் மனைவியின் தம்பி மாயாண்டியும் ஒருவன். யோசிக்க நேரம் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னான்.

"அரசே, தலையை எடுத்தால் ஒரு நாளோடு தீர்ந்தது. நாளைக்கு யாருக்கு நினைவிருக்கும்? இவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சிவப்புப் பாவாடை கட்டித் தெருவில் விட்டுப் பாருங்கள். தினம் தினம் ஊர் சிரிப்பாகச் சிரிக்கும்."

அந்த நாட்டில் ஆண்கள் வேட்டியைக் காலிடுக்கில் இழுத்துச் செருகித் தார்ப்பாய்ச்சிக் கட்டுவார்கள். பாவாடை பெண்கள் உடை. நானூறு மீசைக்காரர்கள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பதை அரசன் மனதில் கண்டிருக்க வேண்டும். தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். அங்கேயே ஆணை எழுதப்பட்டது.

'கணவாயில் புறமுதுகு காட்டியவன் எவனாயினும், இனித் தெருவில் நடக்கும்போது சிவப்புப் பாவாடை உடுத்தியே நடக்க வேண்டும். மீறினால் தலை போகும்.'

நானூற்றுப் பன்னிரண்டு தலைகளைக் காப்பாற்றிவிட்டோம் என்று கூத்தபிரான் பெருமூச்சு விட்டான். அரசனின் எந்த விளையாட்டும் பத்து நாளைத் தாண்டியதில்லை. இதுவும் அப்படித்தான் போகும் என்று நம்பினான்.

இது போகவில்லை.

அரசனுக்கு மறந்தாலும் வல்லபன் மறக்கவிடவில்லை. தெருவுக்கு இரண்டு காவலர்களை நிறுத்தினான். பாவாடைக்காரர்களைக் கண்டால் கடைவீதியில் கல் விழுந்தது. கிணற்றடியில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கல்லெறிந்தவர்களில் பலர் கணவாயில் மகனையோ அண்ணனையோ இழந்தவர்கள். செத்துப்போனவனுக்காக அழ வேண்டியதை, பிழைத்து வந்தவன்மேல் கல்லாக எறிந்தார்கள். கொத்தனாராக இருந்தவனை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. நிச்சயமான கல்யாணங்கள் நின்றுபோயின. எட்டாம் நாள் ஏரியில் ஒருவன் மிதந்தான். பதினோராம் நாள் இன்னொருவன். பதினைந்தாம் நாள் மூன்றாமவன். அவன் பெயர் இருளப்பன்.

இருளப்பனின் வீடு கூத்தபிரானின் தெருவுக்கு அடுத்த தெரு. கூத்தபிரான் துக்கம் கேட்கப் போனபோது, வாசலில் பிணத்தைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். அருகில் இருளப்பனின் மனைவி காத்தாயி ஒரு கோடி வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். காவலன் ஒருவன் அவளைத் தடுத்துக்கொண்டிருந்தான்.

"பாவாடைய அவிழ்க்கக் கூடாதும்மா. தளவாய் உத்தரவு. சுடுகாட்டுக்கும் அதோடதான் போகணும்."

"உசுரே போயிருச்சே. இன்னும் என்னய்யா உத்தரவு?"

"என்னைய என்ன பண்ணச் சொல்ற? எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

கூத்தபிரான் காவலனின் தோளில் கை வைத்தான். "ஆணையில் என்ன எழுதியிருக்கிறது தம்பி? படித்துக் காட்டினார்கள் அல்லவா?"

"தெருவுல நடக்கும்போது செவப்புப் பாவாடை உடுத்தணும்னு."

"இவர் நடக்கப் போறாரா?"

காவலன் விழித்தான்.

"நாலு பேர் தூக்கிக்கிட்டுப் போகப் போறாங்க. நடக்கிறவனுக்குத்தானே ஆணை. நாலு பேர் தோள்ல போறவனுக்கு இல்லையே."

காவலன் இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு தெருமுனைக்குப் போய் நின்றான். அவனுக்கும் அது பாரமாகத்தான் இருந்திருக்க வேண்டும். இருளப்பனுக்கு வேட்டி கட்டினார்கள். காத்தாயி கூத்தபிரானைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நீங்க நல்லா இருக்கணும் ஐயா. இந்தப் பாவாடையக் கண்டுபிடிச்சவன் எவனோ, அவன் நாக்கு அழுகட்டும். நீங்க நல்லா இருக்கணும்."

கூத்தபிரான் வீட்டுக்கு வந்தான்.

வீட்டில் பின்கட்டு அறையில் மாயாண்டி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். கோட்டை வாசலில் கட்டிவிட்ட அதே பாவாடை. நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. அக்கா அங்கம்மை தட்டில் கஞ்சியை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு வாய் குடி தம்பி."

"கணவாயில இருளப்பண்ணன் எனக்கு முன்னால போய்க்கிட்டிருந்தாரு அக்கா," என்றான் மாயாண்டி சுவரிடம். "நான் விழுந்ததும் திரும்பி வந்து என்னையத் தோள்ல போட்டுக்கிட்டு வந்தாரு. இப்பவும் முன்னால போயிட்டாரு."

அங்கம்மை கஞ்சியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அடுப்படியில் கணவனைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அடுத்தது இவன்தான்னு எனக்குத் தெரியுதுங்க. எந்தப் பாவி இந்த யோசனையைச் சொன்னான்? நீங்க அவையில இருந்தீங்கல்ல?"

"நான்தான்," என்றான் கூத்தபிரான்.

அவள் நம்பவில்லை. அவன் நடந்ததையெல்லாம் சொன்னான். தலையை எடுக்கச் சொன்னது, அமைச்சர்கள் தரையைப் பார்த்தது, தான் சொன்னது, அரசன் சிரித்தது. அவள் கஞ்சித் தட்டைத் தரையில் வைத்தாள். அழவில்லை, திட்டவில்லை. உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, சாயவேரில் தோய்த்த தன்னுடைய சிவப்புப் புடவை ஒன்றை எடுத்து வந்தாள். ஊசியில் நூல் கோத்தாள்.

"என்ன செய்யற?"

"உங்க இடுப்பு அளவு எனக்குத் தெரியும். அந்தச் சொல்லு உங்க வாயில இருந்து வந்துச்சு. அந்தத் துணியும் உங்க இடுப்புல ஏறட்டும்."

மறுநாள் காலையில் கூத்தபிரான் சிவப்புப் பாவாடை உடுத்திக்கொண்டு மாயாண்டியின் முன்னால் போய் நின்றான்.

"எந்திரி மாப்ளே. கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வரலாம்."

மாயாண்டி திரும்பிப் பார்த்தான். மீசை நரைத்த மச்சான் நாடாவை இறுக்கி முடிந்துகொண்டு நிற்பதைப் பார்த்து அவன் சிரிக்கவில்லை. "வேணாம் மச்சான். தலை போயிரும்," என்றான்.

"போனா ரெண்டு பேரும் சேர்ந்து போறோம். வா."

இருவரும் கடைத்தெரு வழியாக நடந்தார்கள். ஒரு கல் வந்து கூத்தபிரானின் முதுகில் விழுந்தது. தான் அடித்தது யாரை என்று தெரிந்ததும் எறிந்தவன் விக்கித்து நின்றான். கூத்தபிரான் குனிந்து கல்லை எடுத்து அவன் கையில் கொடுத்து, "கீழ போட்டுட்டீங்க," என்று சொல்லிவிட்டு நடந்தான். கடைவீதியின் கோடிக்குப் போவதற்குள் காவலர்கள் பிடித்துக்கொண்டார்கள். மாயாண்டியை வீட்டுக்கு விரட்டிவிட்டு, கூத்தபிரானை நேரே அவைக்கு இழுத்துப் போனார்கள்.

வல்லபனுக்கு முகம் கொள்ளாத மகிழ்ச்சி. "அரசே, தாங்கள் விதித்த தண்டனையை இவன் கேலிக்கூத்தாக்கிவிட்டான். போருக்கே போகாதவன் பாவாடை கட்டித் திரிகிறான். இது ராஜத் துரோகம்."

அரசன் கூத்தபிரானை மேலும் கீழும் பார்த்தான். "என்ன சொல்கிறாய்?"

"ஆணையை ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள் அரசே."

படித்தார்கள்.

"புறமுதுகு காட்டியவன் பாவாடை உடுத்த வேண்டும் என்றுதான் இருக்கிறது. காட்டாதவன் உடுத்தக் கூடாது என்று எந்த வரியிலும் இல்லை. நான் உடுத்தியிருக்கிறேன். எந்த ஆணையையும் மீறவில்லை."

 அரசனின் உதட்டோரம் லேசாக அசைந்தது. ஆனால் கண்ணில் சிரிப்பு இல்லை.

"சரி. உனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது அல்லவா? இன்றிலிருந்து சாகும்வரை அதையே உடுத்து. கழற்றினால் உன் தலை போகும்."

"உத்தரவு," என்றான் கூத்தபிரான்.

அவனோடு இது நின்றிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். மறுநாள் மாயாண்டியோடு நடக்கையில் அவர்களுக்குப் பின்னால் ஒரு கிழவர் வந்தார். பாவாடை கட்டிய ஒரு வீரனின் தகப்பனார். அவரும் கட்டியிருந்தார். "மகன் மட்டும் நடந்தா கல்லெறியிறாங்க. அப்பனும் சேர்ந்து நடந்தா கை கூசுது," என்றார். அதற்கடுத்த நாள் அண்ணன்கள், மைத்துனர்கள். ஒரு வாரத்தில் அந்த நானூறு வீடுகளிலும் ஆண்கள் எல்லாரும் சிவப்பு.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. செக்கடிச் சொக்கன் நாள் முழுக்க மாட்டோடு செக்கைச் சுற்றி வருகிறவன். வேட்டியை இறுக்கித் தார்ப்பாய்ச்சிச் சுற்றிச் சுற்றி, கோடைக்குக் கோடை அவன் தொடையிடுக்கில் புண் வரும். அந்த நானூறு பேரில் எந்தச் சொந்தமும் இல்லாமலே அவன் ஒரு பாவாடை தைத்துக் கட்டிப் பார்த்தான். "காத்து சும்மா ஜிலுஜிலுன்னு போகுது," என்று தெருவெல்லாம் சொன்னான். ஓடக்காரர்கள் கட்டினார்கள். தண்ணீரில் இறங்கினால் முழங்காலுக்கு மேலே செருகிக்கொள்ளலாம், கரையேறினால் உதறிவிடலாம். குயவர்கள் கட்டினார்கள், நாவிதர் கட்டினார், இரண்டு மாதத்தில் கோயில் மேளக்காரரும் கட்டினார். சாயக்காரத் தெருவில் சிவப்புத் துணி காயாத கொடி இல்லை. சந்தையில் ஆயிரம் பேர் நின்றால் எண்ணூறு பேர் பாவாடை. அதில் யார் கணவாயிலிருந்து வந்தவன், யார் எண்ணெய் ஆட்டுகிறவன் என்று தெரியவில்லை. கல் எறிகிறவனுக்கு யார்மேல் எறிவதென்று புரியவில்லை. ஏரியில் அதற்குப் பிறகு யாரும் மிதக்கவில்லை.

வல்லபனுக்கு இது பொறுக்கவில்லை. அரசனிடம் போய் ஓதினான். "தண்டனை வாடிக்கையாகிவிட்டது அரசே. கோழையும் குடிமகனும் ஒன்றாகத் திரிகிறார்கள். துணியைக் கலந்துவிடலாம், தோலைக் கலக்க முடியாது. நெற்றியில் சூடு போட்டுவிடலாம். பெயரேடு என்னிடம் இருக்கிறது. ஆனாலும் இவர்களைக் கலந்துவிட்ட அந்தக் கோமாளியே பிரித்துக் காட்டட்டும். காட்டத் தவறினால் அவன் தலையை எடுத்துவிட்டு, நான் ஏட்டைப் படிக்கிறேன்."

அரசன் கூத்தபிரானை அழைத்தான். "நாளை நண்பகலில் ஊர் ஆண்கள் எல்லாரும் திடலுக்கு வருவார்கள். புறமுதுகு காட்டியவர்களை நீ ஒவ்வொருவராகத் தொட்டுக் காட்ட வேண்டும். ஒருவனை விட்டாலும், தவறானவனைக் காட்டினாலும், உன் தலை இருக்காது."

"காட்டுகிறேன் அரசே," என்றான் கூத்தபிரான். 

வீட்டில் மாயாண்டி சொன்னான், "என்னையத் தொட்டுக் காட்டிருங்க மச்சான். சூடுதானே. பொறுத்துக்கிடறேன். அக்கா தாலியாவது நிக்கட்டும்."

"கணவாயில என்ன நடந்துச்சுன்னு இதுவரைக்கும் நான் உன்னைக் கேட்டதில்ல," என்றான் கூத்தபிரான். "இப்பச் சொல்லு. மறைக்காமச் சொல்லு."

மாயாண்டி சொன்னான். பாறை விழுந்ததையும், குடை திரும்பியதையும், இருளப்பன் தன்னைத் தூக்கிக்கொண்டு நடந்ததையும் சொன்னான்.  கூத்தபிரான் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "தளவாயை வழியில எங்கயாவது பார்த்தீங்களா?"

"யானை புழுதியத்தான் பார்த்தோம் மச்சான். அதுவும் முதல் நாள் மட்டும்."

மறுநாள் நண்பகல். திடல் முழுக்கச் சிவப்பு. ஒரு ஓரத்தில் கரி அடுப்பில் சூட்டுக்கோல்கள் பழுத்துக்கொண்டிருந்தன. அதற்குப் பக்கத்தில் தலைவெட்டுகிறவன் தன் வாளோடு நின்றான். அரசன் மேடைமேல் குடையின் கீழ் உட்கார்ந்திருந்தான். வல்லபன் பெயரேட்டோடு அருகில் நின்றான்.

கூத்தபிரான் மேடைக்கு முன்னால் வந்து வணங்கினான். "அரசே, நான் கணவாய்க்குப் போகவில்லை. பார்க்காததைச் சொன்னால் பொய்யாகிவிடும். பார்த்தவர் ஒருவரிடம் ஒன்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு தொடங்குகிறேன்."

"கேள்."

"தளவாய் அவர்களே, இவர்கள் ஓடியதைத் தாங்கள் கண்ணால் பார்த்தீர்களா?"

"பார்த்தேன். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்."

"பார்த்தபோது இவர்களுடைய முகம் தெரிந்ததா, முதுகு தெரிந்ததா?"

வல்லபன் யோசிக்காமல் சொன்னான். "புறமுதுகு காட்டி ஓடியவர்களுக்கு முகமா தெரியும்? முதுகுதான் தெரிந்தது."

"அப்படியானால் தாங்கள் இவர்களுக்குப் பின்னால் இருந்திருக்கிறீர்கள். இவர்களுக்கும் எதிரிக்கும் நடுவில், கடைசி ஆளாக நின்றிருக்கிறீர்கள். பெரிய வீரம். ஆனால் இவர்கள் வெள்ளிக்கிழமை வந்தார்கள். தாங்கள் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டீர்கள். அந்தக் குறுகலான கணவாயில் நானூறு பேரையும் எப்போது தாண்டினீர்கள்?"

 அடுப்பில் கரி வெடிக்கும் சத்தம் கேட்டது.

"நான்... நான் யானைமேல் இருந்தேன். மேலேயிருந்து திரும்பிப் பார்த்தேன்."

"அப்போது முகம் தெரிந்திருக்குமே," என்றான் கூத்தபிரான் மெதுவாக.

வல்லபனுக்கு அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்று புரிந்தது. யானைமேல் இருந்தது அவன் மட்டும் இல்லை. அவன் அரசனைப் பார்த்தான். பார்த்ததும் மண்டியிட்டான்.

அரசன் அவனைப் பார்க்கவில்லை. கூத்தபிரானையே பார்த்தான். தாழ்ந்த குரலில் கேட்டான். முன்வரிசையில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் அது கேட்டது.

"அந்த யானைமேல் என் குடையும் இருந்தது. அது எந்தப் பக்கம் திரும்பியது என்று சொல்லப் போகிறாயா?"

தலைவெட்டுகிறவன் வாளின் பிடியை மாற்றிப் பிடித்தான். கூட்டத்தில் மாயாண்டி கண்ணை மூடிக்கொண்டான்.  ஒரு கணம் கூத்தபிரானுக்கு உண்மையைச் சொல்லிவிட்டுச் செத்துப்போகலாம் என்றுகூடத் தோன்றியது. சொன்னால் அவனோடு போகாது. அடுப்பில் கோல்கள் நானூறு நெற்றிகளுக்காகப் பழுத்துக்கொண்டிருந்தன. அவன் தலையை நிமிர்த்தி, அரசனுக்கு மேலே விரிந்திருந்த குடையைப் பார்த்தான்.

"அரசே, இந்தக் குடைக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது?"

அரசன் நிமிர்ந்து பார்த்தான்.

"வட்டமாக இருக்கிறது அரசே. குடைக்கு முதுகு கிடையாது. அது எந்தப் பக்கம் போனாலும் முன்னோக்கித்தான் போகிறது. குடை போகும் வழியே படை போக வேண்டும் என்பது இந்த நாட்டு வழக்கம். இவர்கள் அந்த வழியே போனார்கள். முதுகே இல்லாத ஒன்றின் பின்னால் போனவன் முதுகு காட்டியிருக்க முடியாது. புறமுதுகு காட்டியவர்களைப் பிரித்துக் காட்டச் சொன்னீர்கள். இந்தத் திடலில் அப்படி ஒருவரும் இல்லை. ஒருவரையும் விடாமல், ஒருவரையும் தவறாகத் தொடாமல் காட்டிவிட்டேன்."

அரசன் குடையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சிரித்தான். முதலில் மூக்கால் சிரித்தான். அப்புறம் வாய் திறந்து சிரித்தான். கண்ணில் நீர் வரச் சிரித்தான். அவனோடு சேர்ந்து ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பு நிற்பதற்கு வெகுநேரம் ஆயிற்று. நின்றபோது அவன் முகம் ஏதோ காய்ச்சலிலிருந்து எழுந்தவன் முகம் மாதிரி இருந்தது.

"அடுப்பை அணையுங்கள்," என்றான்.

கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரானுக்குப் போட்டான். "இன்னும் என்ன வேண்டும், கேள்."

"ஏரியில் மூன்று பேர் இறந்தார்கள் அரசே. அவர்களுக்கு நடுகல் வேண்டும்."

"நடுகல் போரில் இறந்தவனுக்கு."

"அவர்களுக்கும் அந்தப் போர்தான் அரசே. கணவாயில் முடியாமல் வீடுவரை வந்தது."

அரசன் சரியென்று தலையை அசைத்தான். வல்லபனைக் கணவாய்க் காவலுக்கு அனுப்பினான். ஐம்பது பேரோடு போனவன் அந்த மழைக்காலத்தில் அங்கேயே மாண்டான். எப்படி என்று இங்கே யாரும் விசாரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த நாட்டில் யாரும் பாவாடை உடுத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, கூத்தபிரான் ஒருவனைத் தவிர. அவனுக்குப் போட்ட உத்தரவை அரசனும் எடுக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. மாயாண்டி மறுநாளே வேட்டிக்குத் திரும்பினான். ஆனால் மற்றவர்களில் பலர் திரும்பவில்லை. செக்கடிச் சொக்கன், ஓடக்காரர்கள், குயவர்கள் எல்லாரும் பாவாடையிலேயே இருந்தார்கள். மறு வருடம் பச்சை வந்தது, நீலம் வந்தது, கல்யாண மாப்பிள்ளைக்குக் கரை வைத்துத் தைத்தார்கள். எதனால் இந்தப் பழக்கம் வந்தது என்று கேட்டால், காற்றோட்டத்துக்காக என்றுதான் சொன்னார்கள்.

அன்று திடலிலிருந்து கூத்தபிரான் நேரே வீட்டுக்குப் போகவில்லை. முத்துமாலையைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு காத்தாயியின் வீட்டுக்குப் போனான். அவள் முறத்தில் வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டாள். அவன் திடலில் நடந்ததைச் சொன்னான்.

"கணவாயில யாருமே புறமுதுகு காட்டலைன்னு ராஜாவே ஒத்துக்கிட்டாரும்மா. உங்க புருஷனுக்குக் கல்லு நடப் போறாங்க."

"கல்லுல என்னன்னு எழுதுவாங்க?"

"போரில் இறந்தார்னு."

"ஏரியிலதானே செத்தாரு." அவள் முறத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "யாருமே ஓடலைன்னா, அவரு எதுக்குய்யா சாகணும்?"

அரசனுக்கு அவனிடம் பதில் இருந்தது. தளவாய்க்கு இருந்தது. இவளுக்குச் சொல்ல அவன் வாயில் ஒன்றும் வரவில்லை.  பிறகு சொன்னான்.

"பாவாடை கட்டிவிடச் சொன்னது நான்தாம்மா. எல்லார் தலையையும் எடுக்கச் சொன்னாரு ராஜா. அதைத் தடுக்கத்தான் அப்படிச் சொன்னேன். ஆனா சொன்னது நான்தான்."

காத்தாயி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் இடுப்பில் இருந்த சிவப்புத் துணியைப் பார்த்தாள். உட்கார்ந்தாள். முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மறுபடி புடைக்கத் தொடங்கினாள். உமி பறந்து அவன் பாதத்தில் விழுந்தது. அவனால் கிளம்பவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

அந்த ஊரில் வாசலை விட்டுக் கிளம்புகிறவனிடம், அவன் பகைவனாக இருந்தாலும், போயிட்டு வாங்க என்றுதான் சொல்வார்கள்.

"போங்க," என்றாள் காத்தாயி.

அவன் போனான்.